ஆளில்லா விமானத்தின் கட்டுப்பாட்டுப் பலகையும் மின்வழங்கற் கோளாறுகளும்

வயலின்மேல் ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் பூச்சிமருந்து தெளித்துக்கொண்டு செல்லும் ஆளில்லா விமானம் ஒன்று, எவ்வித முன்னறிவிப்புமின்றித் திடீரெனச் செயலற்று வரப்பின்மீது விழுகின்றது. ஓடிச்சென்று பார்க்கின், பாட்டரியில் மின்சாரம் பாதிக்குமேல் எஞ்சியிருக்கின்றது. மோட்டார்களைக் கையாற் சுழற்றினால் தடையின்றிச் சுழல்கின்றன. பலகையிலுள்ள சிறு விளக்கும், ஒன்றும் நேராததுபோல், மீண்டும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கின்றது. இத்தகைய சமயங்களில் இயக்கியவர்மீது பழி விழுவது வழக்கம். ஆயினும் பல வேளைகளில் பிழை அவருடையதன்று. கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செல்லும் 5 வோல்ட் மின்சாரம் ஒரு வினாடியின் மிகச் சிறு பகுதிக்குத் தளர்ந்து, பின்னர் மீண்டிருக்கக்கூடும். இவ்வகைக் கோளாறுகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றை எம்முறையிற் கண்டறியலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இந்நாட்டில் இவ்விமானங்கள் இன்று விளையாட்டுப் பொருள்களல்ல. 2020ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தின்கீழ்க் கிராமக் குடியிருப்பு நிலங்களை அளப்பதற்கு இவை பயன்பட்டன. 2021ஆம் ஆண்டில் டிரோன் விதிகள் வெளியிடப்பட்டன. 2023ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற 'நமோ டிரோன் தீதி' திட்டம், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இவற்றை வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. விலையில் 80 சதவிகிதம், 8 இலட்சம் ரூபாய் வரம்புக்குட்பட்டு, மானியமாகவும், எஞ்சியது கடனாகவும் அமையுமாறு அது வகுக்கப்பட்டது. கடன்பட்டு வாங்கிய கருவி வயலில் விழுமாயின், அதனை இயக்கும் பெண்ணுக்கு அது வெறும் விஞ்ஞான வினாவாக இராது. அன்றியும், 20 கிலோகிராமுக்கு மேற்பட்ட பொருளொன்று சுழலும் இறகுகளுடன் விழும் இடத்தில் மனிதர் நிற்கவும் கூடும்.

இறக்கைகளையுடைய விமானத்தில் இயந்திரம் நின்றாலும், அது காற்றில் மிதந்து இறங்க இயலும். நான்கு அல்லது ஆறு விசிறிகளால் தாங்கப்படும் விமானத்துக்கு இந்த வசதி கிடையாது. ஒவ்வொரு விசிறியின் வேகமும் இடைவிடாது திருத்தப்பட்டால்தான் அது நேராக நிற்கும். பலகையிலுள்ள ஜைராஸ்கோப், விமானத்தின் சாய்வு மாறும் வேகத்தை ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான முறை அளந்து கூற, கணிப்புச் சில்லு அதற்கேற்ப மோட்டார்களுக்கு ஆணையிடுகின்றது. அச்சில்லுக்கு மின்சாரம் ஒருமுறை அற்றுப்போய்த் திரும்பினால், அது தன் வேலையை முதலிலிருந்து தொடங்கவேண்டும்; ஜைராஸ்கோப்பை அசைவற்ற நிலையில் வைத்துச் சரிபார்க்கவேண்டும்; இவற்றுக்குப் பல வினாடிகள் செல்லும். 3 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தரையை அடைய முக்கால் வினாடிக்குச் சற்று மேலாகும். 30 மீட்டரிலிருந்து விழுவதாயினும் இரண்டரை வினாடியே ஆகும். எனவே வானில் நேரும் மறுதொடக்கத்தினின்று விமானம் தப்புவது அரிது.

மின்சாரம் முற்றிலும் அறாமல் அளவிற் குன்றும் இந்நிலையை ஆங்கிலத்தில் 'பிரவுன்அவுட்' என்பர். நகரின் மின்சாரம் குன்றும்போது விளக்குகள் மங்கிப் பழுப்பு நிறமடைவதினின்று வந்த சொல் அது. பழுப்பு நிறத்துக்கும் இருளுக்கும் இடைப்பட்ட சொல்லைத் தேடி இக்கட்டுரையாளர் சிலநாள் அலைந்ததுண்டு. 'மின்தளர்வு' என்று கூறின் பொருள் எளிதிற் புலப்படுமாதலால், இங்கு அச்சொல்லையே ஆளுவோம். 'எர்த்' என்னும் சொல்லோ அதனினும் பெரிய தொல்லை தருவது. வானத்திற் பறக்கும் கருவியில் 'நிலம்' எங்கிருந்து வந்தது என்று வாசகர் வினவுவர். மின்னழுத்தங்களை எல்லாம் எந்தக் கம்பியிலிருந்து அளக்கின்றோமோ, அந்தப் பொதுக் கம்பியையே அச்சொல் குறிக்கின்றது. பாட்டரியின் எதிர்முனையோடு இணைந்த இதனைப் 'பொதுமுனை' என வழங்குவோம்.

மின்சாரம் செல்லும் வழி

ஏரியிலுள்ள நீர் மதகு, வாய்க்கால், மடை ஆகியவற்றைக் கடந்து நாற்றங்காலை அடைவதுபோல், பாட்டரியின் மின்சாரமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டே சில்லினை அடைகின்றது. லித்தியம் பாலிமர் கலம் ஒன்று முழுமையாக மின்னேற்றப்பட்டபோது 4.2 வோல்ட் அழுத்தமுடையது. ஆகவே 4 கலங்களை வரிசையாகக் கொண்ட பாட்டரி 16.8 வோல்ட்டும், 6 கலங்களையுடையது 25.2 வோல்ட்டும் தரும். இம்மின்சாரம் மோட்டார்களுக்கு நேரே செல்கின்றது. பலகைக்குச் செல்லும் கிளையில், விரைந்து திறந்து மூடும் மின்சுவிட்சு முறையில் இயங்கும் குறைப்பி ஒன்று அதனை 5 வோல்ட்டாக இறக்குகின்றது. கட்டளை வாங்கி, ஜி.பி.எஸ். கருவி முதலியவை இந்த 5 வோல்ட்டில் இயங்குவன. அதற்கப்பால் சீராக்கி ஒன்று, 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக்கிக் கணிப்புச் சில்லுக்கும் ஜைராஸ்கோப்புக்கும் வழங்குகின்றது. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் இடைவெளியில் துளையிட்ட சிறு பலகைகளில் இவ்வுறுப்புக்கள் யாவும் ஒன்றாக அமைந்திருக்கும். சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லோரன்ஸ் மையரும் அவருடைய குழுவினரும் 2008ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய 'பிக்ஸ்ஹாக்' மரபைச் சேர்ந்த பலகைகளிலோ, 5 வோல்ட் குறைப்பி 'பவர் மாட்யூல்' என்னும் தனி உறுப்பாகப் பாட்டரிக் கம்பியில் அமைந்திருக்கும்.

சீராக்கி மிகுதியான அழுத்தத்தை உஷ்ணமாகவே கழிக்கின்றது. 0.3 ஆம்பியர் செல்லுமாயின், 1.7 வோல்ட் வேறுபாட்டினால் ஏறத்தாழ அரை வாட் உஷ்ணம், எள்ளளவினும் சற்றே பெரிதான அவ்வுறுப்பில் தோன்றும். தொட்டால் வெதுவெதுப்பாயிருப்பதை மட்டும் கொண்டு அது கெட்டுவிட்டது என முடிவு கட்டலாகாது. விரல் வைக்க இயலாதவாறு சுடுமாயின், அதற்கு அப்பாலுள்ள ஏதோ ஓர் உறுப்பு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கின்றது எனக் கொள்ளலாம்.

முதற் சோதனைகள்

எச்சோதனைக்கும் முன்னர் விசிறி இறகுகளைக் கழற்றிவிடுதல் வேண்டும். இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பழுதான பலகை மோட்டாருக்கு எந்த ஆணையை அனுப்பும் என்பது எவருக்கும் தெரியாது; மேசைமேல் விரல் இழந்தோர் உளர்.

தேவையான கருவிகள் மிகச் சில: மல்டிமீட்டர் ஒன்று, உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று, மோட்டார் வண்டியின் 12 வோல்ட், 21 வாட் விளக்கு ஒன்று. கடைசியாகக் கூறிய பொருளைக் கண்டு வாசகர் வியத்தல் வேண்டா. வீட்டு மின்சார வேலை செய்வோர் பழுதுபட்ட மோட்டாரையோ இஸ்திரிப்பெட்டியையோ சோதிக்கையில் 'சீரீஸ் விளக்கு' வைப்பதுண்டன்றோ? அம்முறையே இங்கும் பயன்படுகின்றது. பாட்டரியின் நேர்முனைக் கம்பியை விளக்கின் வழியே பலகைக்குச் செலுத்தினால், பலகையில் மின்குறுக்கு இருப்பினும் விளக்கு ஏறத்தாழ 2 ஆம்பியருக்கு மேல் விடாது. சிறிது ஒளிர்ந்து உடனே அணையுமாயின், மின்தேக்கிகள் நிரம்பின என்பது பொருள், குற்றமில்லை. பிரகாசமாக எரிந்துகொண்டேயிருப்பின் மின்குறுக்கு உண்டு, உடனே பிடுங்கிவிடவேண்டும். 6 கலப் பாட்டரிக்கு இத்தகைய விளக்குகள் இரண்டினை வரிசையாக இணைத்தல் நன்று. இந்நிலையில் மோட்டார்களை ஓட்ட முயலலாகாது.

விளக்குக்கும் முந்தியது கண். பற்றவைத்த இடங்களில் ஈயத் துளி சிதறி அடுத்தடுத்த இரு முனைகளைப் பாலம்போல் இணைத்திருக்கின்றதா, சில்லின்மேல் கருகிய புள்ளியோ கொப்புளமோ தோன்றுகின்றதா, பச்சை பூத்திருக்கின்றதா எனக் காணவேண்டும். மருந்து தெளிக்கும் விமானங்களில் இந்தப் பச்சை பூத்தல் அதிகம் காணப்படுதல் இயல்பே. மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. சட்டங்கள் செய்யப்படும் கார்பன் இழை, மரத்தையோ பிளாஸ்டிக்கையோ போலன்றி, மின்சாரத்தைக் கடத்தும். உறையுரிந்த கம்பியோ நீண்ட திருகாணியோ சட்டத்தைத் தொட்டால் மின்குறுக்கு நேரும். பலகையைச் சட்டத்தினின்று கழற்றியதும் கோளாறு மறையுமாயின், பலகையைக் குறைகூறுவதை விடுத்துச் சட்டத்தை நோக்குக.

அடுத்து, மின்சாரம் ஏதும் இணைக்காத நிலையில், மல்டிமீட்டரைத் தடை அளக்கும் நிலையில் வைத்து, 5 வோல்ட் முனைக்கும் பொதுமுனைக்கும், 3.3 வோல்ட் முனைக்கும் பொதுமுனைக்கும், பாட்டரி முனைகளிரண்டுக்கும் இடையே அளந்து பார்க்கவேண்டும். முதலில் குறைந்த தடையைக் காட்டிப் படிப்படியாக ஏறினால், மின்தேக்கி நிரம்புகின்றது என அறியலாம். ஓரிரு ஓம் அளவிலேயே நின்றுவிட்டால் மின்குறுக்கு உறுதி. நூற்றுக்கணக்கான ஓம் காட்டினால் குறுக்கு இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதே வகையைச் சேர்ந்த நல்ல பலகை ஒன்று கிடைப்பின், இரண்டினையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

யூ.எஸ்.பி. கம்பியைக் கணிப்பொறியிலிருந்து இணைத்தால் பலகை உயிர்பெறுகின்றது. பாட்டரியை இணைத்தால் உயிர்பெறவில்லை என்று கூறுவோர் பலர். இது மிகவும் பயனுள்ள செய்தியாகும். யூ.எஸ்.பி. வழியே வருவது 5 வோல்ட். அது நேரே குறைப்பிக்கு அப்பாற் சென்று சேர்கின்றது. ஆகவே சீராக்கியும் சில்லும் நலமாயிருக்கின்றன. பழுது குறைப்பியிலோ அதற்கு முன்னுள்ள கம்பியிலோ உள்ளது என்பது தானே விளங்கும். அந்நிலையில் வெளியிலிருந்து தனியொரு 5 வோல்ட் குறைப்பியை இணைத்து அப்பலகையைத் தொடர்ந்து பயன்படுத்தவும் இயலும். இரண்டு வழியிலும் உயிர்பெறவில்லையாயின், 5 வோல்ட் இருந்து 3.3 வோல்ட் இல்லையா, அன்றி இரண்டுமே இல்லையா எனப் பிரித்தறியவேண்டும். 5 வோல்ட் சரியாயிருந்து, 3.3 வோல்ட் முனையில் ஒரு வோல்ட்டளவே காணப்பட்டு, சில்லும் சுடுமாயின், அச்சில்லு இறந்ததாகவே கொள்ளவேண்டியிருக்கும்.

குறைப்பி எவ்வாறு இறக்கின்றது என்பது சற்று விரிவாகக் கூறத்தக்கது. பாட்டரியைச் செருகும் கணத்தில் தீப்பொறி எழுவதைப் பலரும் கண்டிருப்பர். நீண்ட கம்பிக்கு மின்தூண்டல் இயல்பு உண்டு. பலகையின் வாயிலில் உள்ள பீங்கான் மின்தேக்கிகளுக்கோ உள்தடை மிகக் குறைவு. இவ்விரண்டும் கூடியவிடத்தில், ஊஞ்சலை உந்திவிட்டாற்போல, மின்னழுத்தம் தன் அளவைத் தாண்டி எழுந்து தாழ்கின்றது. இவ்வெழுச்சி பாட்டரி அழுத்தத்தின் இருமடங்கை நெருங்கக்கூடும். 25.2 வோல்ட் பாட்டரியாயின், கணநேரம் 50 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் தோன்றலாம். 36 வோல்ட் தாங்குமாறு செய்யப்பட்ட குறைப்பி இதில் உடைகின்றது. அவ்வாறு உடையும்போது, அதன் உள்ளே உள்ள மேற்சுவிட்சு மூடிய நிலையில் உருகி ஒட்டிக்கொள்ளுமாயின், பாட்டரியின் முழு அழுத்தமும் 5 வோல்ட் வழியிற் பாய்ந்து, ஜி.பி.எஸ்., கட்டளை வாங்கி முதலிய அனைத்தையும் அழித்துவிடும். பாட்டரி இணைப்பின் அருகிலேயே, 'கண்டென்சர்' எனப் பட்டறைகளில் வழங்கும் மின்தேக்கி ஒன்றினை, 470 முதல் 1,000 மைக்ரோபாரட் அளவினதாய், பற்றவைத்தால் இவ்வெழுச்சி பெரிதும் அடங்கும். மின்பகுப்பு வகையைச் சேர்ந்த அதன் உள்தடையே ஊஞ்சலுக்கு இடும் தடையாகின்றது. 4 கலப் பாட்டரிக்கு 35 வோல்ட் தாங்குவது போதும். 6 கலப் பாட்டரிக்கு 50 வோல்ட் தாங்குவதே தக்கது. சில ரூபாய் விலையுள்ள இப்பொருளை எடையைக் குறைக்கும் நோக்கத்தால் விட்டுவிடுவது சிக்கனமன்று.

பொருந்தாத உறுப்பை இணைப்பதும் இதே விளைவைத் தரும். பிக்ஸ்ஹாக் பலகையுடன் முற்காலத்தில் வழங்கப்பட்ட பவர் மாட்யூல், 18 வோல்ட் வரை, அதாவது 4 கலப் பாட்டரி வரையே, ஏற்கத்தக்கது. அதில் 6 கலப் பாட்டரியைச் செருகினால் என்ன நேரும் என்பதைக் கூறவேண்டியதில்லை.

மின்குறுக்கு இருப்பது தெரிந்தும் இடம் தெரியாதபோது ஓர் எளிய முறை உதவும். அளவு கட்டுப்படுத்தக்கூடிய மின்வழங்கியிலிருந்து, அந்த வழிக்கு உரியதைவிடக் குறைந்த அழுத்தத்தில், ஒரு வோல்ட்டளவில், ஓரிரு ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தி, பலகையின்மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லப் பூசவேண்டும். எவ்விடத்தில் அது முதலில் உலர்கின்றதோ அவ்விடத்தில் உஷ்ணம் தோன்றுகின்றது. குற்றவாளி அங்கேயே இருக்கும். பல வேளைகளில் அது விரிசலுற்ற பீங்கான் மின்தேக்கியாயிருக்கும். விமானம் தரையில் மோதிப் பலகை வளைந்தபோது விரிசல் விழுந்திருக்கும். அதனை அகற்றியவுடன் பலகை உயிர்பெறுதல் கூடும். ஆல்கஹால் தீப்பற்றும் பொருளாதலால் பற்றவைக்கும் கருவி அருகில் இருத்தலாகாது.

வானில் மட்டும் தோன்றும் கோளாறு

மேசைமேல் நன்றாக இயங்கி, வானில் மட்டும் தளரும் பலகையே மிகக் கடினமான நோயாளி. இங்கு மல்டிமீட்டர் உதவாது. பலகை தானே எழுதிவைக்கும் பதிவேடுதான் சாட்சி. ஆர்டுபைலட் என்னும் மென்பொருள், பலகையின் 5 வோல்ட் அளவைப் பறப்பின்போது தொடர்ந்து குறித்துவருகின்றது. அவ்வளவு 0.10 முதல் 0.15 வோல்ட் வரை ஏறியிறங்குதல் இயல்பானதே. அதற்குமேல் அலைவது ஐயத்துக்குரியது. உயரம் 15 மீட்டர் எனக் குறித்த வரியோடு பதிவு திடீரென நின்றுபோயிருப்பின், அதாவது தரையிறங்கிய குறிப்பே இல்லாதிருப்பின், பலகைக்கு மின்சாரம் வானிலேயே அற்றது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இயக்கியவர்மீது சுமத்தப்பட்ட பழியை நீக்குவதும் அந்த முடியாத பதிவேயாகும். விழுந்த விமானத்தின் நினைவு அட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தாமல், முதலில் பாட்டரியை மாற்றிப் பறக்கவிட்டுப் பார்ப்போர் தம் சாட்சியைத் தாமே குழப்பிக்கொள்கின்றனர்.

காரணங்களுள் முதன்மையானது மெல்லிய கம்பி. அமெரிக்க அளவில் 28ஆம் எண் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடையுண்டு. குறைப்பியிலிருந்து பலகைவரை 30 சென்டிமீட்டர் தூரம் எனின், போகவும் வரவுமாக 60 சென்டிமீட்டர், தடை 0.13 ஓம். 2 ஆம்பியர் செல்கையில் இழப்பு கால் வோல்ட். புறப்பட்ட 5 வோல்ட் 4.75 வோல்ட்டாகப் போய்ச் சேரும். தளர்ந்த செருகி ஒன்று இன்னும் இருபதில் ஒரு பங்கு ஓம் சேர்க்குமாயின் மேலும் 0.1 வோல்ட் குறையும். பிக்ஸ்ஹாக் பலகை விரும்புவது 4.8 முதல் 5.4 வோல்ட் வரையுள்ள அளவாகும். 4.3 வோல்ட்டுக்குக் கீழோ 5.8 வோல்ட்டுக்கு மேலோ சென்றால், ஆர்டுபைலட் மென்பொருள் மோட்டார்களை இயக்கவே அனுமதி மறுத்துவிடும். ஆனால் இவ்வனுமதி தரையில் கேட்கப்படுவது. பாரமேற்றிய பின், வானிலே கம்பி சுடுகையில் நேரும் இழப்பை அது அறியாது.

பாட்டரியின் முதுமையும் இத்துடன் சேரும். கலமொன்றின் உள்தடை 0.005 ஓம் எனக் கொண்டால், 6 கலங்களுக்கு 0.03 ஓம். 60 ஆம்பியர் இழுக்கப்படுகையில் 1.8 வோல்ட் உள்ளேயே இழக்கப்படும். முதுமையினாலும் குளிரினாலும் உள்தடை மேலும் உயரும். வெறும் தொட்டியோடு செவ்வனே பறந்த விமானம் நிறைந்த தொட்டியோடு தளர்வது இதனாலேயே.

குறைவைப்போல மிகுதியும் கேடு செய்யும். பக்கக்கருவிகளை அசைக்கும் 'சர்வோ' மோட்டார்கள் திடீரென நிற்கும்போது மின்சாரத்தைத் திருப்பியனுப்புகின்றன. அவ்வழியைப் பலகையின் மாற்று மின்வழியாகவும் பயன்படுத்தியிருப்பின், அழுத்தம் 5.7 வோல்ட்டைத் தாண்டிப் பலகை மறுதொடக்கம் கொள்ளலாம். 1என்5339 என்னும் 5.6 வோல்ட் ஸீனர் டையோடை அங்கு இணைத்துவிட்டால் மிகுதியை அது விழுங்கிக்கொள்ளும். இரண்டு வழிகளில் மின்சாரம் வந்தால் பாதுகாப்பு இருமடங்காகும் என்று எண்ணி, எல்லா வேகக்கட்டுப்பாட்டுக் கருவிகளின் சிவப்புக் கம்பிகளையும் ஒன்றாய் இணைப்போர் உண்டு. சுவிட்சு முறைக் குறைப்பிகள் ஒன்றோடொன்று முரண்படுமாதலால், ஒரு கம்பியை மட்டும் விட்டு ஏனையவற்றை நீக்கிவிடுதலே நன்று.

மின்தளர்வு எளியோரின் கருவிகளை மட்டும் பீடிப்பதன்று. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் செவ்வாய்க் கிரகத்திற் முதன்முதலாகப் பறந்த 'இன்ஜெனுயிட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டருக்கும் இது நேர்ந்தது. குளிர்காலமும் தூசியும் சேர்ந்து சூரியத் தகட்டின் வரவைக் குறைக்க, 2022ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஓரிரவு பாட்டரி தளர்ந்து, நேரத்தைக் காக்கும் சில்லு மின்சாரமிழந்தது. காலையில் சூரிய ஒளி பட்டு அது விழித்தபோது கடிகாரம் தவறியிருந்தது. ஆகவே அருகிலிருந்த ஊர்தியுடன் குறித்த வேளையிற் பேச இயலவில்லை. ஊர்தியை நாள் முழுவதும் செவிசாய்த்திருக்கச் செய்து, மே 5ஆம் நாள் தொடர்பை மீட்டனர். பின்னர், பாட்டரியின் உஷ்ணநிலை கழித்தல் 15 பாகைக்கு இறங்கியவுடன் எரியத் தொடங்கிய வெப்பமூட்டியைக் கழித்தல் 40 பாகைவரை பொறுத்திருக்குமாறு மாற்றி மின்சாரத்தைச் சேமித்தனர். பழுது நேர்ந்தது தரையிலே நிற்கையிலாதலால் அது பிழைத்தது.

பொய்யான அளவு

பலகையின் மின்வழங்கல் நலமாயிருந்தும், அது பாட்டரியைத் தவறாக அளப்பதுண்டு. 10,000 ஓமும் 1,000 ஓமும் கொண்ட இரு தடைகளால் பாட்டரியின் அழுத்தம் பதினொன்றில் ஒரு பங்காக்கப்பட்டே சில்லுக்குக் காட்டப்படுகின்றது, 16.8 வோல்ட் அங்கே 1.53 வோல்ட்டாகத் தோன்றும். இப்பெருக்கெண் தவறாகக் கொடுக்கப்பட்டிருப்பின், நிரம்பிய பாட்டரியைக் காலி எனக் கருதி விமானம் தானே இறங்கிவிடும். அல்லது, இதுவே அபாயகரமானது, காலியானதை நிரம்பியதெனக் கருதிப் பறந்துகொண்டேயிருக்கும். பாட்டரி முனையில் மல்டிமீட்டர் காட்டும் அளவையும் திரையில் தோன்றும் அளவையும் ஒப்பிட்டு, பெருக்கெண்ணைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை.

பழுதுநீக்கிய பலகையை உடனே வானுக்கு அனுப்பலாகாது. இறகுகளின்றி, ஜி.பி.எஸ்., கட்டளை வாங்கி யாவும் இணைந்த நிலையில், இருபது நிமிடமேனும் மேசையில் ஓடவிட்டு, 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்கவேண்டும். கம்பிகளையும் செருகிகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, விளக்கு மினுங்குகின்றதா எனக் காணவேண்டும். பின்னர் இறகுகளைப் பூட்டி, ஆள் நடமாட்டமில்லாத வெளியில், தொட்டியை வெறுமையாக வைத்து இடுப்புயரத்தில் ஒரு முறையும், நீர் நிரப்பி ஒரு முறையும் பறக்கவிட்டு, பதிவேட்டில் 5 வோல்ட் கோடு நேராகச் செல்கின்றதா என்று பார்த்த பின்னரே மருந்தை ஊற்றலாம்.